தரை மிதிக்காத பூட்ஸ்

அப்பாவுக்கு என்று எழுதினால் யாரோ ஒருவருடைய தகப்பனார் என்று நினைத்துக்கொள்வீர்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்பாவு என்பது அவன் பெயர். பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் பிறந்து, அந்த ஏரியிலேயே மீன் பிடித்துப் பிழைத்தவன். அவனுக்குக் கால் ஈரமானால் பிடிக்காது.

மீன் பிடிக்கிறவனுக்குக் கால் ஈரமானால் பிடிக்காதா, இது என்ன கூத்து என்று கேட்பீர்கள். குப்பமே இருபது வருஷமாக அதைத்தான் கேட்டது. படகு என்றால் அதன் அடியில் தண்ணீர் இருக்கத்தான் செய்யும். எவ்வளவு தார் பூசி, எவ்வளவு பஞ்சு அடைத்தாலும் எங்கேயாவது ஒரு பொருத்தில் கசியும். வலையை இழுத்தால் அதோடு அரைக்குடம் தண்ணீர் உள்ளே வரும். கணுக்கால் முழுகுகிற அந்தத் தண்ணீரில்தான் மற்றவர்கள் எல்லாரும் நின்றார்கள், உட்கார்ந்தார்கள், சோறு தின்றார்கள். அப்பாவு மட்டும் டப்பாவை வைத்துக்கொண்டு இறைத்தபடியே இருப்பான். அடிப்பலகைக்கு மேலே குறுக்குச் சட்டம் அடித்து, அதன்மேல் மூங்கில் பட்டையில் ஒரு தட்டி செய்து போட்டிருந்தான். தட்டிக்கு மேலே ஒரு கோணி. கோணி நனைந்தால் மாற்றுவதற்கு இன்னொரு கோணி. இத்தனையும் எதற்கு? இரண்டு பாதம் வைக்க.

"மாமா, பேசாம நீ கலெக்டராப் பொறந்திருக்கலாம். ஜீப்புல குந்திகினு போயிருப்ப, காலு நனையாது" என்பான் மணவாளன். மணவாளன் அவன் பெண்டாட்டி குணசுந்தரியின் தம்பி. படகில் பாதி அவனுடையது, பாதி அப்பாவுவுடையது. இருவர் மட்டும் போகிற சின்னப் படகு.

"போடா, உன் வாய்க்கு ஒரு மூடி இல்ல" என்பான் அப்பாவு. கோபித்துக்கொள்ள மாட்டான். கரைக்கு வந்ததும் மற்றவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் வியாபாரியோடு சண்டை பிடிப்பார்கள். இவன் நேரே வெயில் காய்ந்த மணலுக்குப் போய் உட்கார்ந்து, இரண்டு காலையும் கணுக்கால் வரை சூட்டு மணலில் புதைத்துக்கொள்வான். விரலிடுக்கெல்லாம் காய்ந்து, மணல் தானாக உதிர்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டான். மீனை மணவாளன் விற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தக் கிறுக்கு அவனுக்குச் சும்மா வரவில்லை. அவனுடைய நைனாவுக்கு, அதாவது தகப்பனாருக்கு, கால்விரல் ஒன்று அழுகி விழுந்தது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் பாதம் முழுவதும். சேற்றுப்புண் முற்றிவிட்டது என்றார்கள். யாரோ வைத்த சூனியம் என்றும் சொன்னார்கள். எதுவானாலும் வீட்டுக்குள்ளே ஒரு மனிதன் காலிலிருந்து மேலாக அழுகுவதைப் பதினோரு வயதில் பக்கத்தில் படுத்துப் பார்த்தவன் அப்பாவு. நைனா செத்தபோது அழுகையைவிட நிம்மதிதான் அவனுக்கு அதிகம் வந்தது. அதற்காகத் தன்னையே ரொம்ப நாள் திட்டிக்கொண்டான். ஈரம்தான் அவரைத் தின்றது என்று முடிவுகட்டி, அந்த ஈரத்தைத் தன்னிடம் அண்ட விடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தான்.

இருபது வருஷத்துக்கு மேல் அந்த வைராக்கியம் நின்றது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷம் கல்யாணம், இரண்டு வருஷத்தில் செல்வி பிறந்தாள். குணசுந்தரி வந்த புதிதில் புருஷன் காலைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். தன் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் வெடித்து, வெளுத்து, விரலுக்கு விரல் புண்ணாக இருந்த கால்தான். இவனுக்கு மட்டும் சுத்தமாக, வெடிப்பில்லாமல் இருந்தது. "எங்க நைனா மாப்ள பாத்தாரோ இல்லியோ, நல்ல காலாப் பாத்துக் குடுத்துட்டாரு" என்று கிணற்றடியில் சொல்லிச் சிரிப்பாளாம்.

எழுபத்து இரண்டாம் வருஷத்து மழைக்குப் பிறகு வலது காலில், சுண்டு விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் ஒரு புண் வந்தது. மிளகு அளவுதான். அப்பாவு பதறிப்போனான். மருதாணியை அரைத்து வைத்தான். வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் போட்டான். மற்றவனுக்கு வந்தால் நாலு நாளில் காய்கிற புண் இவனுக்கு இரண்டு மாதம் ஆகியும் காயவில்லை, வளர்ந்தது. ராத்திரி பாதம் இரண்டும் மிளகாய் பூசியதுபோல எரிந்தது. அதோடு தாகம். ஒரு பானை தண்ணீரைக் கொண்டுபோய்ப் படகில் அவன் ஒருவனே குடித்துத் தீர்ப்பான். குடித்ததும் படகு விளிம்பில் போய் நிற்பான், ஒரு காலைப்பொழுதுக்குள் ஏழெட்டுத் தடவை.

"நீ கீற வரைக்கும் ஏரி வத்தாது மாமா" என்றான் மணவாளன். அவனுக்கு எல்லாம் வேடிக்கை. ஆனால் மாமன் மெலிந்துபோவதை அவனும் பார்த்தான். ஒருநாள் அவனே இழுத்துக்கொண்டு போய்ப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் காட்டினான்.

அங்கே ரோசம்மாள் என்று ஒரு நர்ஸ் அம்மா. மூத்திரத்தைக் குழாயில் பிடித்து, ஏதோ நீல மருந்தை ஊற்றிக் காய்ச்சினாள். நீலம் செங்கல் நிறமாக மாறியது. டாக்டர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உனக்குச் சக்கரை வியாதிப்பா" என்றார்.

அப்பாவு சிரித்துவிட்டான். "டாக்டர், எங்க ஊட்ல சக்கரை வாங்கி ஆறு மாசம் ஆவுது. வெல்லம் போட்டுத்தான் டீத்தண்ணி."

"அது வேற, இது வேற. மாத்திரை தரேன், விடாமச் சாப்பிடணும். அரிசிச் சோத்தைக் குறை. இந்தப் புண்ணுல ஈரம் படக் கூடாது. பட்டுதுன்னா இது ஆறாது. ஆறலேன்னா ஒரு நாளைக்குக் காலையே எடுக்க வேண்டி வரும், சொல்லிட்டேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. நைனாவுக்கு வந்ததும் இதுதானா என்று கேட்க வாயெடுத்தான், கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்று பயம்.

"மீன் புடிக்கிறவன் காலுல ஈரம் படாம எப்படிங்க?"

"வேற வேலை பாரு."

கட்டுப் போடும்போது ரோசம்மாளும் சொன்னாள்: "புண்ண மட்டும் பாத்துக்கினு உட்ராதய்யா. தெனம் அடிப்பாதத்தையும் திருப்பிப் பாரு. இந்த நோவு கீறவங்க பாக்கணும்." அப்பாவு சரிம்மா, சரிம்மா என்றான். அவன் காதில் ஈரம் என்கிற ஒரு சொல்தான் விழுந்திருந்தது. அதுதான் அவன் சின்ன வயதிலிருந்தே தெரிந்து வைத்திருந்த எதிரி ஆயிற்றே!

வேறு வேலை பாரு என்று சொல்வது சுலபம். செல்வியைக் கும்முடிப்பூண்டிப் பக்கம் முனுசாமி என்பவனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அங்கே புதிதாக வந்த ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை. மாமனாருக்காக அவனும் கேட்டுப் பார்த்தான். வாசல் கேட்டில் காவல் நிற்கிற வேலை ஒன்று இருந்தது. ஒருநாள் முழுக்க நின்றுவிட்டு அப்பாவு ரயிலேறித் திரும்பி வந்துவிட்டான். வருகிறவர்கள் பெயரை எழுதிக்கொள்ள வேண்டுமாம். இவனுக்குக் கையெழுத்துப் போடுவதற்கே கால் மணி நேரம் ஆகும். குப்பத்திலோ படகில் ஏறுகிறவனுக்குத்தான் பங்கு. படகு யாருடையது என்பது இரண்டாம் பட்சம். கால் போனால் படகில் இடம் போகும், இடம் போனால் சோறு போகும். கால் போகாமல் இருக்க வேண்டுமானால் படகில் ஏறக் கூடாது. இந்தச் சிக்கலை எங்கே பிடித்து அவிழ்ப்பது?

முனுசாமிதான் அவிழ்த்தான், பாவம், நல்ல மனசோடு. எழுபத்து நாலில் ஆடி மாதம் மாமனார் வீட்டுக்கு வந்தவன், ஒரு கோணிப்பையிலிருந்து கறுப்பு ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடியை எடுத்து வைத்தான். முழங்கால் வரைக்கும் உயரம். வாய் அகலம். கம்பெனியில் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர்களுக்குக் கொடுப்பதாம். பழசில்லை, புத்தம் புதிது.

"மாமா, ஒரு பக்கெட் தண்ணில நில்லு. உள்ள ஒரு சொட்டு வந்துச்சுன்னா என்ன கேளு."

அப்பாவு அதைத் தொட்டுப் பார்த்தான். உள்ளே கை விட்டுப் பார்த்தான். காய்ந்து, வழவழவென்று இருந்தது. இப்படி ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறதென்று தெரியாமல் இருபது வருஷம் மூங்கில் தட்டியோடு மல்லுக்கட்டியிருக்கிறோமே என்று இருந்தது அவனுக்கு. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மருமகன் பார்த்துவிடாமல் துடைத்துக்கொண்டான்.

ஆனால் மணவாளன் பூட்ஸைப் பார்த்ததும் பின்வாங்கினான். "மாமா, இத்தப் போட்டுக்கினு படகுல ஏறப் போறியா? இன்னா பேசுற நீ!"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தக் குப்பத்தில் செருப்புப் போட்டுக்கொண்டு எவனும் படகில் கால் வைத்ததில்லை. படகின் மூக்கில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அங்கேதான் ஆத்தா உட்கார்ந்திருக்கிறாள் என்று கும்பிடுகிறவர்கள். ஒரு வியாபாரி தெரியாமல் செருப்போடு ஏறினான் என்று படகையே கழுவி, கற்பூரம் காட்டி, ஒருநாள் தொழிலுக்குப் போகாமல் கிடந்தவர்கள். சங்கதி குப்பத்து நாட்டாமை குப்புராஜிடம் போனது. நாலு பேர் கூடினார்கள். குப்புராஜ் பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். அப்பாவு தன் காலை நீட்டிக் காட்டினான்.

"ஐயா, இந்தப் புண்ணு ஆறலேன்னா காலை வெட்டுவேன்னு டாக்டர் சொல்றாரு. நான் ஆத்தாவ அவமானப்படுத்தவா கேக்குறேன்? எங்க நைனா கதை உங்க எல்லாருக்கும் தெரியும்."

அந்தக் கதை குப்புராஜுக்கும் தெரியும். ரொம்ப நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "செருப்ப ஏன் வேணான்றோம்? தெருவுல கண்டதையும் மிதிக்குது. இது புச்சு. இன்னும் தரையில படல. தரையில படாத வரைக்கும் இது செருப்பு இல்ல. படகுலயே கெடக்கட்டும், படகுலயே போட்டுக்கோ, படகுலயே அவுத்துடு. ஒரு நாளு மண்ணுல பட்டுச்சுன்னு தெரிஞ்சா நானே தூக்கி ஏரில போட்டுருவேன்."

இதுதான் தீர்ப்பு. எல்லாருக்கும் திருப்தி. குணசுந்தரி பூட்ஸுக்கு மஞ்சள் தடவி ஒரு பொட்டும் வைத்தாள். முனுசாமி அதைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிப்போய்ப் படகில் வைத்துவிட்டு வந்தான். அதற்கப்புறம் அந்தப் பூட்ஸைக் குணசுந்தரி கண்ணால் பார்க்கவில்லை. பெண்பிள்ளைகள் படகில் ஏறுகிற வழக்கம் அங்கே இல்லை, பூட்ஸ் கரைக்கு வருகிற வழியும் இல்லை.

இன்னொரு சங்கடம் மறுநாள்தான் தெரிந்தது. படகு நிற்பது முழங்கால் தண்ணீரில். பூட்ஸ் படகுக்குள்ளே. அதைப் போட்டுக்கொள்ள அங்கே போயாக வேண்டும், போனால் புண் நனையும். மணவாளன் ஒரு கணம் யோசித்தான். பிறகு குனிந்து முதுகைக் காட்டி, "ஏறு" என்றான்.

அன்றிலிருந்து தினமும் விடிகாலையில் மச்சான் முதுகில் ஏறித்தான் அப்பாவு படகுக்குப் போனான். வரும்போதும் அப்படியே. "மாப்ள ஊர்கோலம் போறாரு, மேளத்தக் கூப்புடுங்கடா!" என்று கரையில் கத்துவார்கள். மணவாளன் வேண்டுமென்றே நடுவில் தடுமாறுவதுபோல நடிப்பான். அப்பாவு அவன் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு அலறுவான். வலையைத் தண்ணீரில் இறங்கிக் கட்டுவதெல்லாம் மணவாளன் பார்த்துக்கொண்டான். கழி போட்டுப் படகைத் தள்ளுவது, மீனைப் பிரிப்பது, தண்ணீர் இறைப்பது அப்பாவு வேலை. குந்தியிருக்கிற குறுக்குப் பலகைக்கு முன்னால் இரண்டு கறுப்புக் காலை நீட்டிக்கொண்டு, சுற்றிலும் தண்ணீர் அலம்ப, உள்ளே காய்ந்த துணி சுற்றிய பாதத்தோடு அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ஜமீன்தார் தோற்றான்.

புண் ஆற ஆரம்பித்தது. கார்த்திகையில் ஓரம் சுருங்கி, மார்கழியில் மேல்தோல் மூடிவிட்டது. அதைவிடப் பெரிய சந்தோஷம் இன்னொன்று. இரண்டு வருஷமாக அவனைத் தூங்க விடாமல் அடித்த அந்த எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒருநாள் காணாமலே போய்விட்டது. பாதம் இரண்டும் அமைதியாகிவிட்டன. அப்பாவு குப்பம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். "நான் சொன்னேன் இல்ல? ஈரம்தான்யா. எல்லா பேஜாரும் ஈரத்துலதான். காலு காஞ்சிது, வலி போச்சு. எங்க நைனாவுக்கு மட்டும் இது கெடைச்சிருந்தா..." அந்த வாக்கியத்தை மட்டும் ஒருநாளும் முடிக்க மாட்டான்.

மாத்திரையும் தீர்ந்துபோயிற்று. வலியே இல்லாதபோது பொன்னேரிக்கு எதற்குப் பஸ்ஸுக்குக் காசு கொடுப்பது என்று போகவில்லை. ஆத்தாளுக்குப் பொங்கல் வைத்தான். வெல்லம் தாராளமாகப் போட்டு அவனும் இரண்டு இலை சாப்பிட்டான். அடப்பாவி மனுஷா என்று எனக்கு இப்போது கத்தத் தோன்றுகிறது. அன்றைக்கு அங்கே கத்த யார் இருந்தார்கள்? எல்லாரும் அவனோடு சேர்ந்து சந்தோஷப்பட்டார்கள்.

தை மாதம் கெளுத்தி மீன் ஏராளமாக விழுந்தது. கெளுத்தியைப் பிடித்தால் முதல் காரியமாக முள்ளை ஒடிக்க வேண்டும். முதுகில் ஒன்று, இரண்டு செவுளுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்று, ஆக மூன்று முள். ஊசிக்கு ரம்பம் வைத்ததுபோல இருக்கும், விஷம் வேறு. அது குத்தினால் மீசை வைத்த ஆம்பிளையும் அம்மா என்று கத்திக்கொண்டு மணலில் புரளுவான். அதனால் கட்டையால் ஒரு தட்டுத் தட்டி முள்ளை ஒடித்து ஏரியில் எறிந்துவிட்டுத்தான் மீனைக் கூடையில் போடுவார்கள். பலகையில் குந்தியபடி கூடை கூடையாக அப்பாவு ஒடித்தான். அதில் எதுவோ ஒன்று தெறித்து, ஏரியில் விழாமல், முழங்காலடியில் அகலமாகத் திறந்திருந்த வலது பூட்ஸ் வாய்க்குள் விழுந்து, நழுவி அடிக்குப் போயிற்று. அவனுக்குத் தெரியாது. எழுந்து நின்று கழியை ஊன்றித் தள்ளினான். பாரம் முழுவதும் வலது காலில் இருந்தது.

அன்றைக்குக் காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தபோது கறை இருந்தது. மீன் ரத்தம். படகில் எந்தத் துணியில்தான் மீன் ரத்தம் இல்லை? ஏரித் தண்ணீரில் அலசிக் கயிற்றில் காயப்போட்டான். வழக்கம்போல விரலிடுக்கைப் பிரித்துப் பார்த்தான். காய்ந்து, சுத்தமாக, அழகாக இருந்தது. அடிப்பாதத்தைப் பார்க்கவில்லை. நாற்பதைத் தாண்டியவன், படகில் குந்திக்கொண்டு காலை மடக்கித் திருப்பி அடியைப் பார்ப்பதாவது! புண் இருந்தது விரலிடுக்கில், அவன் பார்த்ததும் அங்கேதான்.

ஐந்து நாள் அந்தக் காலை ஊன்றித்தான் கழி போட்டான். ஐந்தாம் நாள் ராத்திரி குணசுந்தரி, "இன்னாய்யா நாத்தம்?" என்றாள். "மீன் நாத்தம், புச்சா வந்தியா நீ?" என்று அவன் திரும்பிப் படுத்தான். காலையில் உடம்பு அனலாகக் கொதித்தது. கணுக்கால் வீங்கி, கெண்டைக்கால் வரைக்கும் செவசெவ என்று ஏறியிருந்தது. மணவாளன் படகுக்குத் தூக்கிப்போகிற அதே முதுகில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

பொன்னேரியில் ரோசம்மாள் அவனைப் படுக்க வைத்து அடிப்பாதத்தைத் திருப்பினாள். திருப்பியவள் உடனே டாக்டரைக் கூப்பிட ஓடினாள். டாக்டர் வந்தார். இடுக்கியை விட்டு ஏதோ பற்றி இழுத்தார். ஒன்றரை அங்குல நீளத்துக்குக் கறுத்துப்போன கெளுத்தி முள் வெளியே வந்தது. டாக்டர் இழுக்கும்போது அப்பாவு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். முகம்கூடச் சுளிக்கவில்லை.

மணவாளனுக்குத்தான் முகம் வெளுத்துவிட்டது. "மாமா, அது கெளுத்தி முள்ளு மாமா! இத்தோட நீ நடந்துகினு கீறியா? ஆனைய குத்தினாக்கூட அலறுமே... மாமா, உனுக்கு வலிக்கலியா?"

"இல்லடா" என்றான் அப்பாவு. அவனுக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. டாக்டரைப் பார்த்துப் பெருமையாகவே சொன்னான்: "வலியெல்லாம் போயி ரெண்டு மாசம் ஆச்சுங்க. ஈரமே படாமப் பாத்துக்கினேன், நீங்க சொன்னா மாதிரி. விரலு பாருங்க, எப்படிக் காஞ்சி கீது."

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் மெதுவாகத்தான் பேசினார். "நீ ஈரம் படாமப் பாத்துக்கிட்டேப்பா. நல்லாத்தான் பாத்துக்கிட்டே. ஆனா வலி போனது கால் தேறினதால இல்ல. இந்த வியாதி நரம்பைக் கொன்னுடும். உன் காலுக்கு இனிமே குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது."

அப்பாவு எழுந்து உட்கார்ந்தான். தன் பாதத்தையே வேறு யாருடையதோ போலப் பார்த்தான். கையை நீட்டி, கட்டைவிரலை நகத்தால் அழுத்திக் கிள்ளினான். இன்னும் பலமாகக் கிள்ளினான். பிறகு மணவாளன் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி, வாய்விட்டு அழுதான். அத்தனை வருஷத்தில் மணவாளன் அவன் அழுது பார்த்ததில்லை.

அன்றைக்கே பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். விஷம் ஏறிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் ஆள் பிழைப்பான் என்றார்கள். எடுத்தார்கள். செல்வி தலைமாட்டில் நின்றுகொண்டு, "நைனா, நைனா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். முனுசாமி வார்டுக்குள் வரவே இல்லை, வராந்தாவிலேயே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்பாவு அவனைக் கூப்பிட்டு அனுப்பினான். "மாப்ள, நீ நல்லதுக்குத்தான் குடுத்த. அதுல ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரல, தெரியுமா?" என்றான். ஆறுதலுக்குச் சொன்னதுதான். முனுசாமி அதைக் கேட்டதும் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஊருக்கு வந்தபோது படகில் அவன் இடத்தில் வேறு ஒருவன் குந்தியிருந்தான். மணவாளன் தலையைக் குனிந்துகொண்டு வந்து நின்றான். "ஒத்த ஆளா வல போட முடியல மாமா" என்றான். "எனுக்குத் தெரியாதாடா" என்றான் அப்பாவு. மணவாளன் கொண்டுவருகிற மீனை வாங்கிக்கொண்டான். ஆனால் அது பங்கு இல்லை, தருமம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். பழைய கேலிப் பேச்செல்லாம் எங்கே போயிற்றோ போய்விட்டது.

இன்னும் ஒரு கால் மிச்சம் இருந்தது. கட்டைக்கால் பொருத்தினால் நடக்கலாம், நடந்தால் கரையில் மீன் பிரிக்கிற வேலையாவது கிடைக்கும். அந்தக் காலும் போனால் படுக்கைதான், நைனா கிடந்த மாதிரி. பெரிய ஆஸ்பத்திரியில் குணசுந்தரிக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்: அந்தக் காலைத் தினமும் திருப்பிப் பார், அவனைக் கண்ணை மூடச் சொல்லி அங்கங்கே தொட்டுத் தெரிகிறதா என்று கேள், தெரியவில்லை என்று சொன்னால் உடனே கூட்டிக்கொண்டு வா. அவள் ஒருநாள் தவறவில்லை. காலையில் பல் தேய்த்ததும் நாஷ்டாவுக்கு முன்னால் அதுதான் வேலை. வாசலில் வெளிச்சம் விழுகிற இடத்தில் அவனை உட்கார வைத்து, இடது காலை மடியில் தூக்கிப் போட்டுக்கொள்வாள்.

"கண்ண மூடு."

அவன் மூடிக்கொள்வான். "இங்க?" "தெரிது." "இங்க?" "தெரிது." குதிகால், நடுப்பாதம், ஒவ்வொரு விரல். ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் தெரிது என்றான். குணசுந்தரி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்துபோய்க் கஞ்சி ஊற்றுவாள். இப்படி இரண்டு மூன்று மாதம் போயிற்று.

வைகாசியில் ஒருநாள் காலை. கரையில் படகுகள் கிளம்பிக்கொண்டிருந்தன. மணவாளன் யாரையோ சத்தம்போட்டுத் திட்டுவது கேட்டது. அப்பாவு கண்ணை மூடி, அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தான்.

"இங்க?" என்றாள் குணசுந்தரி.

"தெரிது."

"இங்க?"

"தெரிது, தெரிது."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இப்போ எங்க தொடுறேன் சொல்லு."

"கட்ட விரலுகிட்ட" என்றான் அப்பாவு. "நல்லாத் தெரிதுடி, கூசுது. போதும், போய்க் கஞ்சிய ஊத்து."

அவள் எழுந்திருக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தான். அவன் கால் அவள் மடியில், யாரும் தொடாமல், தனியாகக் கிடந்தது. அவள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.